வாகனக் கடன்

வண்டி எடுத்துப் பதினோராம் நாள்
ஓட்டுகிற பக்கக் கதவில் மூன்று கீறல்கள்.
சாவியால் இழுத்த நேர்த்தி இல்லை,
சுவரில் உரசிய அகலம் இல்லை.
யாரோ கையெழுத்துப் போட வந்து
பேனா எழுதாமல் உதறிவிட்டுப் போனதுபோல்.
பானட்டில் தனியாக ஒன்று,
மயிரிழை, ஒரு சாண்.

ஷோரூமில் அந்த நீலத்துக்கு
வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள்.
எனக்கு அது மயில்கழுத்து.
கல்யாணத்தின்போது கையிலெடுத்து
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து
மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு வந்த
பட்டின் நிறம்.
அறுபது தவணையில் ஒன்றுகூட இன்னும் கழியவில்லை.

ஆர்.கே. புரம் மலை மந்திர் வாசலில்
நான்கு எலுமிச்சை நசுக்கித்தான் கிளப்பினேன்.
குருக்கள் சந்தனம் வைக்கக் குனிந்தபோது
அவர் விரல் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
முருகனை அல்ல.

ஷோரூம் பையன் கைக்கடக்கமான கருவியைக்
கதவில் ஒற்றி ஒற்றி எண் வாசித்தான்.
நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினான்கு.
தொழிற்சாலைப் பூச்சுதான் மேடம்,
கண்ணாடி மாதிரி ஒப்படைத்தோம் என்றான்.
இன்சூரன்ஸ் படிவத்தில்
எப்படி நேர்ந்தது என்பதற்கு மூன்று வரி இடம்.
தெரியவில்லை என்பது பதில் ஆகாதாம்.

தெரிந்துகொள்ளக் கிளம்பினேன்.
தனேஜா வீட்டுப் பையனின் சைக்கிள் கைப்பிடியைத்
தையல் டேப்பால் அளந்தேன்,
நான்கு அங்குலம் உயரம் அதிகம்.
நிறுத்துமிடத்துக்குச் சண்டை போட்ட பெரியவரின்
கைத்தடியைப் படியிறங்குகையில் உற்றுப் பார்த்தேன்,
முனையில் ரப்பர்.
மிஞ்சியவன் நிரேன் பர்மன், கூச் பிஹார்க்காரன்,
விடியுமுன் இருபத்திரண்டு வண்டி துடைப்பவன்.

துணியில் மணல் இருந்ததா என்று கேட்டேன்.
துணியை உதறிக் காட்டினான்.
வேகமாக ஏதோ சொன்னான், மறுபடி உதறினான்.
பிறகு கேட்காமலே இரு உள்ளங்கைகளையும்.
இந்தியில் எனக்கு அதட்டத் தெரியும்.
தணியத் தெரியாது.
மறுநாளிலிருந்து காலனியில்
இருபத்தொரு வண்டிகள் பளபளத்தன.

என் கதவில் கீறல் மூன்று
ஒன்பதாயிற்று.

ஜூன் மாத ஞாயிறு, பாலுக்கு இறங்குகிறேன்.
டொக்.
டொக் டொக்.
ரிட்ஜ் காட்டிலிருந்து மதிலேறி வந்தது,
தோகை புழுதியில் இழுபட,
கதவுக்குள் இருப்பவனோடு
கழுத்துக்குக் கழுத்து நிற்கிறது.
இது சிலிர்த்தால் அவனும் சிலிர்க்கிறான்.
இது எம்பிக் காலால் அடித்தால் அவனும்.
ஒரு அடிகூட விட்டுக்கொடுக்காத அப்படியொரு எதிரியை
அது இந்த ஊரில் வேறெங்கும் பார்த்திருக்காது.

விரட்டக் கை ஓங்கினேன்,
பாதியில் நின்றது.
வேலவன் வாகனம்
வங்கியின் வாகனத்தைக் கொத்திக்கொண்டிருக்கிறது.
நான் யார் நடுவில்?

அப்போதுதான் அடுத்த வரிசையிலிருந்து
ஈரத்துணியொன்று காற்றில் சுழன்றது.
உதறல். இன்னொரு உதறல்.
மயில் சலித்துக்கொண்டு மதிலுக்குப் போயிற்று.
நிரேன் என்னைப் பார்க்கவில்லை,
தனேஜா வண்டியின் சக்கரத்துக்குக் குனிந்துவிட்டான்.
அன்றைக்கு அவன் காட்டியது
துணியையா, உதறலையா?

படிவத்தில் மயில் என்று எழுதினேன்.
தொலைபேசியில் ஒருவர் இரண்டுமுறை சிரித்துவிட்டுச்
சாட்சி உண்டா என்றார்.
உண்டு, என்றேன்.
வருவாரா என்றார்.
அதற்கு நான் என்ன சொல்ல.

ஐந்நூறு ரூபாயை நீட்டினேன்.
விட்டுப்போன பதினாறு நாளைக் கழித்து
மீதியைச் சில்லறையாக எண்ணித் தந்தான்,
ஒரு ரூபாய்கூடப் பிசகாமல்.
இப்போது கதவின்மேல் பழைய போர்வை தொங்குகிறது.

பானட்டில் இருக்கும் அந்த ஒரு சாண் கோடு மட்டும்
எந்த அலகுக்கும் பொருந்தவில்லை.
அலுவலகம் கிளம்புமுன் தினமும் ஒருமுறை
விரலால் தடவிப் பார்க்கிறேன்,
மோதிரத்தைக் கழற்றிவிட்டு.